அடிமைக் கப்பல்: கணக்கேடும் கலையும்

16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை ஏறக்குறைய 1 கோடியே 25 இலட்சம் ஆபிரிக்க மக்கள் அத்திலாந்திக் சமுத்திரத்தின் குறுக்கே கொண்டுசெல்வதற்கெனக் கப்பல்களில் ஏற்றப்பட்டனர் என ஆய்வாளர் மதிப்பிடுவர். அவர்களுள் ஏறத்தாழ 18 இலட்சம் பேர் அமெரிக்கக் கரையைக் காணாமலே மாண்டனர். இவ்வெண்கள் நமக்கு எவ்வாறு கிடைத்தன என்னும் வினாவை நாம் பெரும்பாலும் எழுப்புவதில்லை. துறைமுகப் பதிவுகள், கப்பல் முதலாளிகளின் கணக்கேடுகள், காப்புறுதிப் பத்திரங்கள், நீதிமன்ற ஆவணங்கள் ஆகியனவே அவற்றுக்கு அடிப்படை. அதாவது, ஏற்றியவனும் விற்றவனும் எழுதிவைத்த சான்றுகளைக் கொண்டே ஏற்றப்பட்டவரின் வரலாற்றை எழுதவேண்டிய நிலையில் நாம் உள்ளோம். இச்சான்றுகளை ஓவியமும் இலக்கியமும் எவ்வாறு எதிர்கொண்டன என்பதை, 'ஸோங்' என்னும் ஒரு கப்பலின் வரலாற்றிலிருந்து தொடங்கி நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஸோங், ஒல்லாந்தரிடமிருந்து 1781ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் கைப்பற்றிய கப்பலாகும். லிவர்பூல் நகர வணிகரான வில்லியம் கிரெக்சனும் அவருடைய பங்காளிகளும் அதனை வாங்கினர். அதன் தலைவனாக அமர்த்தப்பட்ட லூக் கொலிங்வூட் அதற்கு முன்னர் அடிமைக் கப்பல்களில் வைத்தியனாக இருந்தவன். கப்பலுக்குத் தலைமை தாங்கிய அனுபவம் அவனுக்கு இருக்கவில்லை. அக்கப்பல் 1781 ஓகத்து மாதத்தில் அக்ராவிலிருந்து புறப்பட்டபோது அதிலிருந்த அடிமைகளின் தொகை 442 ஆகும். அதன் அளவுக்கு இது மிக அதிகமான தொகை. கடலிலே நோய் பரவியது. அறுபதுக்கும் மேற்பட்ட அடிமைகளும் மாலுமிகள் சிலரும் இறந்தனர். நவம்பர் இறுதியில் யமேக்காத் தீவு கண்ணுக்குத் தென்பட்டபோது, அதனை வேறொரு தீவெனப் பிழையாகக் கருதிக் கப்பலை அப்பாற் செலுத்திவிட்டனர். பிழை உணரப்பட்டபோது குடிநீர் போதாது என்று சொல்லப்பட்டது. நவம்பர் 29ஆம் நாள் பெண்களும் குழந்தைகளுமாக 54 பேர் கடலில் எறியப்பட்டனர். திசெம்பர் முதலாம் நாள் ஆண்கள் 42 பேர் எறியப்பட்டனர். அடுத்து வந்த நாட்களில் மேலும் 36 பேருக்கு அதே கதி நேர்ந்தது. வேறு பத்துப் பேர் எறியப்படும்வரை காத்திராது தாமாகவே கடலிற் குதித்தனர். திசெம்பர் 22ஆம் நாள் ஸோங் யமேக்காவை அடைந்தபோது 208 அடிமைகள் உயிருடன் இருந்தனர். கப்பலில் 420 கலன் நீரும் எஞ்சியிருந்தது.

இக்கொலையின் தருக்கம் காப்புறுதி விதிகளிலே தங்கியிருந்தது. அடிமை நோயுற்று இறந்தால் அது இயற்கை மரணம். நட்டம் கப்பல் முதலாளிக்குரியது. கப்பலையும் எஞ்சிய சரக்கையும் காக்கும்பொருட்டு ஒரு பகுதிச் சரக்கைக் கடலில் எறிய நேர்ந்தால், நட்டத்தைக் காப்புறுதியாளர் ஈடுசெய்தல் வேண்டும். ஆகவே, பாயில் இறப்பவனுக்குப் பெறுமதி இல்லை. நீரில் எறியப்பட்டவனுக்கு 30 பவுண். முதலாளிகள் இத்தொகையைக் கோரினர், காப்புறுதியாளர் மறுத்தனர். 1783 மார்ச்சு மாதத்தில் இலண்டனில் வழக்கை விசாரித்த யூரிமார் முதலாளிகளுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தனர். மே மாதத்தில் மறுவிசாரணைக்கான விண்ணப்பம் மான்ஸ்பீல்ட் பிரபுவின் முன் வந்தது. கடைசித் தொகுதியினர் எறியப்படுவதற்கு முன்னரே மழை பெய்தது என்ற செய்தி அப்போதுதான் மன்றில் வெளிப்பட்டது. மறுவிசாரணைக்கு அனுமதி வழங்கப்பட்டதாயினும், அது நடைபெற்றதற்குச் சான்று இல்லை. எறியப்பட்டவர்களைக் குதிரைகளோடு ஒப்பிட்டே சட்டத்தின் நிலைப்பாடு அம்மன்றில் விளக்கப்பட்டது. ஆபிரிக்கரான இக்குவியானோ தந்த செய்தியினால் தூண்டப்பட்ட கிரான்வில் ஷார்ப், இது கொலைக் குற்றமாக விசாரிக்கப்பட வேண்டும் என வாதாடினார். எவர்மீதும் வழக்குத் தொடரப்படவில்லை. கப்பலின் பதிவேடு காணாமற் போயிற்று. கொலிங்வூட்டும் அதற்கு முன்னரே இறந்துவிட்டான்.

இவ்வழக்கு அடிமை வணிகத்துக்கு எதிரான இயக்கத்துக்கு வலுவூட்டியது. அவ்வியக்கம் பயன்படுத்திய ஆயுதங்களுள் முதன்மையானது ஒரு படமாகும். 1788இல் பிளிமத் நகரில் வெளியிடப்பட்டு, 1789இல் இலண்டனில் விரிவாக்கப்பட்ட 'புரூக்ஸ்' கப்பலின் வரைபடமே அது. 1788ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அக்கப்பலில் 454 பேரை ஏற்றலாம். அத்தொகையினரை அடுக்கிக் காட்டியபோது கால் வைக்கவும் இடமில்லை என்பது புலனாயிற்று. அச்சட்டத்துக்கு முன்னைய பயணமொன்றில் அதே கப்பல் 609 பேரை ஏற்றிச் சென்றிருந்தது. வணிகனின் அளவுக் கணக்கையே வணிகனுக்கு எதிரான சாட்சியாக மாற்றியமை இப்படத்தின் சாதனை. எனினும், அதில் உள்ள உருவங்கள் அனைத்தும் ஏறக்குறைய ஒரே அச்சானவை. அவை இரக்கத்தைக் கோருகின்றன, பேசுவதில்லை. பேசும் குரல் 1789இல் வெளிவந்த இக்குவியானோவின் தன்வரலாற்றில் ஒலித்தது. கீழ்த்தளத்தின் துர்நாற்றம், சங்கிலி, வெள்ளையர் தம்மை உண்பரோ என்ற அச்சம் ஆகியவற்றை அந்நூல் உள்ளிருந்து காட்டியது. அவர் பிறந்தது கரோலைனாவில் என ஞானஸ்நானப் பதிவொன்று கூறுவதால், இப்பகுதி அவரது சொந்த அனுபவமா, பிறரிடம் கேட்டறிந்ததா என்னும் விவாதம் இன்றும் உண்டு. எவ்வாறாயினும், எண்ணப்பட்டவர்களின் பக்கத்திலிருந்து எழுந்த குரல் அது என்பதில் ஐயமில்லை.

1840இல் ஆங்கில ஓவியர் டேர்ணர் இலண்டனில் காட்சிக்கு வைத்த ஓவியம், இறந்தோரையும் இறந்துகொண்டிருப்போரையும் கடலில் எறியும் அடிமைக் கப்பலைச் சித்திரிப்பது. ஸோங் நிகழ்ச்சியே அதன் மூலம் எனப் பலர் கருதுவர். குருதி நிறமான மாலை வானத்தின் கீழ்க் கப்பல் விலகிச் செல்கிறது. முன்புறத்தில் விலங்கிட்ட காலொன்று நீருக்கு மேலே தெரிகிறது. மீன்கள் அதனை மொய்க்கின்றன. முகம் எதுவும் இல்லை. 1843இல் ரஸ்கின் அவ்வோவியத்தின் கடலையும் ஒளியையும் வியந்து எழுதியபோது, அது அடிமைக் கப்பல் என்ற செய்தியை ஓர் அடிக்குறிப்பிலே சொல்லி முடித்தார். கலையை ரசிக்கும் மனம் கலையின் பொருளை எவ்வாறு அடிக்குறிப்புக்குத் தள்ளிவிடும் என்பதற்கு இது தக்க உதாரணமாகும். டேர்ணரே 1805இல் அடிமை உழைப்பில் இயங்கிய யமேக்காப் பண்ணையொன்றில் 100 பவுண் முதலிட்டவர் என்பதும் நோக்கற்பாலது. அடிமை வணிகத்தின் கணக்கேட்டுக்கு முற்றிலும் வெளியே நின்றவர் அன்றைய பிரித்தானியாவில் மிகச் சிலரே எனலாம்.

இலக்கியத்தில் அக்கணக்கேட்டை நேரடியாக எள்ளி நகையாடியவர் செர்மானியக் கவிஞர் ஹைனே. 1850களில் வெளிவந்த அவரது அடிமைக் கப்பற் கவிதையில், வணிகன் தன் அறையில் இலாபத்தைக் கணக்கிட்டுக்கொண்டிருக்கிறான். அடிமைகள் இறந்துபோவது அவனுக்கு நட்டமாதலால் அவர்களை மேல்தளத்தில் ஆடவைக்கிறான். அவர்களைக் காக்குமாறு இறைவனையும் வேண்டுகிறான். கருணையின் சொற்களைக் கொண்டே கொடுமையைக் காட்டிய கவிதை அது. அமெரிக்கக் கறுப்பினக் கவிஞரான ரொபேட் ஹேய்டன் 1945இல் முதன்முதலாக வெளியிட்ட நெடுங்கவிதையில் கப்பற் பதிவேடுகளின் குரலும் வாக்குமூலங்களின் குரலும் பேசுகின்றன. 1839இல் 'அமிஸ்தாத்' கப்பலில் நிகழ்ந்த கிளர்ச்சிகூட அங்கே அடிமை வணிகன் ஒருவனின் வாயாலேயே கூறப்படுகிறது. அவன் வசைபாடப் பாட, கிளர்ந்தெழுந்தவரின் பெருமை வாசகனுக்குப் புலப்படுகிறது. தொபாகோவிற் பிறந்து கனடாவில் வாழும் நூர்பெசே பிலிப், சட்டத்தரணியாக இருந்தவர். 2008இல் வெளிவந்த 'ஸோங்!' என்னும் அவரது நூல், வழக்கறிக்கையின் சொற்களையே உடைத்துச் சிதறடித்து ஆக்கப்பட்டது. எறியப்பட்டவர்களின் பெயர்கள் எந்த ஆவணத்திலும் இல்லை. ஆதலால் அவர்களுக்கு ஆபிரிக்கப் பெயர்களைச் சூட்டிப் பக்கங்களின் அடியிலே அவர் பொறித்தார். ரஸ்கின் கப்பலைத் தள்ளிய அதே இடத்தில், பிலிப் மனிதரை நிறுத்தினார்.

வரலாற்று மாணவர்களாகிய நாம் அவ்வாறு பெயர் சூட்ட முடியாது. சான்றில்லாததைக் கூறுவது எமது துறைக்கு உரியதன்று. கணக்கேட்டைக் கைவிடவும் முடியாது. ஸோங் வழக்கில் உண்மையை வெளிப்படுத்தியதும் எஞ்சிய நீரின் அளவும் மழை பெய்த நாளும் அல்லவா? ஆனால், ஆவணத்தின் எண்ணை ஏற்கும்போது அதனை எழுதியவனின் பார்வையையும் சேர்த்து ஏற்றுக்கொள்ளும் ஆபத்து எமக்கு எப்போதும் உண்டு. தாமாகக் குதித்த அந்தப் பத்துப் பேரும் முதலாளியின் ஏட்டில் நட்டம் மட்டுமே. எறியப்படுவதற்கு உடன்பட மறுத்த மனிதராக அவர்களைக் காண்பதற்குப் புதிய சான்று எதுவும் வேண்டியதில்லை. அதே வரியை அவர்கள் பக்கம் நின்று வாசித்தலே போதும். கலையும் இலக்கியமும் வரலாற்றாசிரியனுக்குக் கற்பிக்கக்கூடியது இவ்வாசிப்பையே ஆகும்.