பாதியில் பாதி



போன வாரம் நான் போட்ட தாத்தாவின் எண்பதாம் கல்யாணப் படத்தைப் பார்த்துவிட்டுப் பலர் கேட்டிருந்தீர்கள். தாத்தாவின் வேட்டி பளிச்சென்று இருக்கிறது, பக்கத்தில் அப்பத்தா முகம் மட்டும் ஏன் இருட்டாக இருக்கிறது என்று. படம் எடுத்தவர் மேல் தப்பில்லை. காரணம் ஒரு விகிதக் கணக்கு. அதைத் தப்பாகப் போட்டவன் நான். கொஞ்சம் வரலாற்றோடு சொல்கிறேன், வாத்தியார் புத்தி போகாதே.

பிலிமில் வெளிச்சம் பட்டதுமே படம் தெரிந்துவிடாது. டெவலப்பர் என்ற மருந்தில் ஊறினால்தான், வெளிச்சம் பட்ட இடங்களில் வெள்ளி கறுப்பாகப் படியும். ஆரம்ப காலத்தில் படக்காரர்கள் பொடிகளைத் தராசில் நிறுத்து இந்த மருந்தைத் தாங்களே கலந்துகொண்டார்கள். 1891-இல் பெர்லினில் ஆக்ஃபா கம்பெனி ரோடினால் என்ற கெட்டித் திரவத்தைக் கொண்டுவந்தது. அதை உருவாக்கியவர் மோம்மே ஆண்ட்ரெசென் என்ற வேதியியலாளர். ஒரு பங்கு மருந்துக்கு 25 பங்கு தண்ணீர், அல்லது 50 பங்கு. ஒரு தடவை கழுவிவிட்டுக் கொட்டிவிடலாம். தராசு போய் அளவுக் குவளை வந்தது. அந்த மருந்து இன்றும் விற்கிறது.

குவளை வந்ததும் குறியில் குழப்பமும் வந்தது. 1:3 என்று எழுதினால் ஆறாம் வகுப்பில் பாதிப் பேர் 'மூன்றில் ஒரு பங்கு' என்பார்கள். உண்மையில் அது நான்கில் ஒரு பங்கு. 600 மில்லி கலவைக்கு 200 மில்லி மருந்தா, 150 மில்லியா? இல்ஃபோர்டு கம்பெனி 1+3 என்று கூட்டல் குறி போட்டே அச்சிடுகிறது. புத்திசாலித்தனம். கோடக் 1:1 என்றே எழுதும். 1962-இல் வந்த அவர்களுடைய எச்.சி-110 மருந்துக்கு ஓர் அளவு 1:31. அதென்ன 31 என்று தோன்றும். அமெரிக்கக் குவார்ட்டுக்கு 32 அவுன்ஸ். ஒரு அவுன்ஸ் மருந்து போனால் மீதி 31 தண்ணீர். இதை வைத்து ஒரு பீரியடே நடத்தலாம்!

நம் கதைக்கு வருகிறேன். 1979. டீச்சர் டிரெயினிங் முடித்து வேலைக்குக் காத்திருந்த வருஷம். தெருமுனை ஸ்டூடியோவில் ஒரு அண்ணனிடம் எடுபிடியாக இருந்தேன். அங்கே புழங்கியது டி-76. கோடக்கில் சினிமா பிலிமுக்காக உருவான பழைய மருந்து. லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், ஹைட்ரோகுயினோன் 5 கிராம், போராக்ஸ் 2 கிராம், சோடியம் சல்பைட் 100 கிராம். அண்ணன் அதில் சம அளவு தண்ணீர் விட்டு, நேரத்தைக் கூட்டிக் கழுவுவார். மருந்தும் மிச்சம், படமும் கூர்மையாக வரும்.

அன்று அவர் வெளியூர் கிளம்பும்போது, கலந்து வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். எனக்குக் காதில் ஏறவில்லை. பாட்டிலில் இருப்பது மூல மருந்து என்று நினைத்து மறுபடியும் சம அளவு தண்ணீர் விட்டேன்.

1+1-ஐ இன்னொரு தடவை 1+1 செய்தால் 1+2 ஆகாது. பாதியில் பாதி, கால். அதாவது 1+3. நேரமோ 1+1-க்கு உரியதைத்தான் கொடுத்தேன். ஹைப்போவிலிருந்து எடுத்தால் பிலிம் ஜன்னல் கண்ணாடி மாதிரி இருந்தது. வெயில் பட்ட வேட்டி எப்படியோ தப்பித்தது. பந்தல் நிழலில் உட்கார்ந்திருந்த அப்பத்தா முகம் பிலிமில் படியவே இல்லை. அண்ணன் திரும்பி வந்து, என்னைத் திட்டக்கூட இல்லாமல், ஹார்டு பேப்பரில் அடித்து எடுத்ததுதான் நீங்கள் பார்த்த படம்.

வீட்டில் நான் உண்மையைச் சொல்லவில்லை. பந்தலில் வெளிச்சம் போதவில்லை என்றேன். அப்பத்தா படத்தை வாங்கிப் பார்த்து, "நான் கறுப்புத்தானேடா" என்று சிரித்தது. அடுத்த தை மாதம் போய்விட்டது.

என்னிடம் படித்தவர்களுக்கு அந்த மைத்தண்ணீர் டம்ளர்கள் நினைவிருக்கும். பாதி, பாதியில் பாதி என்று ஊற்றிக் காட்டி, பதிலைச் சரியாகச் சொல்லும்வரை யாரையும் உட்கார விடமாட்டேன். ஏன் அவ்வளவு பிடிவாதம் என்று இப்போது தெரிந்திருக்கும்.

எங்கள் வீட்டில் அப்பத்தாவின் வேறு படம் இல்லை. சின்னத்தாத்தா வீட்டுப் பிள்ளைகள் பரண்மேல் இருக்கும் டிரங்குப் பெட்டியைக் கொஞ்சம் திறந்து பாருங்கள். நெகட்டிவாக இருந்தாலும் பரவாயில்லை, எனக்கு அனுப்புங்கள்.