ஏற்றப்பாட்டு

கிணற்றிலிருந்து ஏற்றம் இறைத்த உழவர் பாடிய தொழிற்பாட்டு. மேலே துலாமரத்தின்மீது முன்னும் பின்னும் நடப்பவரும், கீழே சால் என்னும் வாளியைப் பிடித்து நீரைக் கவிழ்ப்பவரும் பாட்டின் தாளத்தாலேயே ஒத்து இயங்கினர். தாளம் தப்பினால் மேலிருப்பவர் கால் தவறக்கூடும். பிள்ளையார் வணக்கத்தில் தொடங்கும் பாட்டில் இறைத்த சால்களின் எண்ணிக்கையும் கோக்கப்பட்டது. கடிகாரம் அறியாத உழவருக்கு அதுவே வேலையின் அளவு. பாட்டு இங்கே களைப்பாற்றும் துணை மட்டுமன்று, கருவியின் ஓர் உறுப்பு என்றே கொள்ள வேண்டும்.

ஏற்றக்காரர் பாதியில் நிறுத்திய அடியின் மிச்சத்தைக் கேட்க மறுநாள் வரை கம்பர் காத்திருந்தார் என்பது செவிவழிக் கதை. ‘ஏற்றப்பாட்டுக்கு எதிர்ப்பாட்டில்லை’ என்பது பழமொழி.

தொப்பூர் உள்ளிட்ட தருமபுரி மாவட்டம் கிணற்றை நம்பிய வறண்ட பூமி. நீர்மட்டம் ஆழமான கிணறுகளில் ஏற்றம் எட்டாது. அங்கே மாடு பூட்டி நீர் இறைக்கும் கவலையும் அதற்குரிய பாட்டும் வழங்கின. மின்மோட்டார் வந்தபின் ஏற்றமும் கவலையும் வயலைவிட்டு அகன்றன.

தொழிற்பாட்டு தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. ஜார்ஜியாவில் வயல்வேலைக்குரிய ‘நாதுரி’ பாட்டில் நான்கு குரல்கள் வெவ்வேறு வழியில் ஒருங்கே ஒலிக்கும். அந்நாட்டுப் பல்குரல் பாடல்மரபை யுனெஸ்கோ 2001இல் சிறப்பித்து, 2008இல் தன் பட்டியலில் சேர்த்தது.