பாவோட்டமும் நெடுந்தூர ஓட்டமும்

நெடுந்தூர ஓட்டத்துக்கு முதலில் வேண்டியது நேரம். மாரத்தான் பந்தயத்தின் தூரம் 42.195 கிலோமீட்டர். அதற்குப் பழகுகிறவர் வாரத்தில் நான்கைந்து நாள் ஓட வேண்டும். அதில் ஒரு நாள் 25, 30 கிலோமீட்டர் வரை போக வேண்டும். அந்த ஒரு நாளுக்கே மூன்று மணி நேரம், சிலருக்கு நான்கு மணி நேரம் செலவாகும். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் அவ்வளவு நேரமும் அதை யாராவது வைத்துக்கொள்ள வேண்டும். தாய்மார் ஓடிய கதையை எழுதப் புகுந்தால், அந்த நேரத்தை யார் தந்தார்கள், யார் தர மறுத்தார்கள் என்பதையே பெரும்பகுதி எழுத வேண்டியிருக்கிறது.

பெண்கள் நாள் முழுக்கக் கால் ஓயாமல் நடந்தது, விளையாட்டு என்ற பேச்சே எழாத காலத்திலிருந்து தமிழ்நாட்டு நெசவூர்களில் வழக்கம். தறியில் உட்கார்ந்தவர் பெரும்பாலும் ஆண். நூலை ராட்டையில் சுற்றுவது, ஊடை நூலைக் குழலில் சுற்றித் தார் போடுவது, இழை சிக்கெடுப்பது என்று தறிக்கு முந்திய வேலைகளில் பெரும்பாலானவை பெண்கள் தலையில் விழுந்தன. இவற்றில் நடை மிகுந்தது பாவு போடுவது, அதாவது துணியின் நீளவாட்டு இழைகளை ஆயத்தம் செய்வது. தெருவிலோ பாவடி எனப்படும் வெட்டவெளியிலோ வரிசையாகக் குச்சிகளை நட்டு, நூல் சுற்றிய கதிர்களைக் கையில் ஏந்தி, இழையைக் குச்சிகளுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக மாற்றி மாற்றி விட்டுக்கொண்டே ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்த் திரும்புவார்கள். தமிழில் இந்த வேலைக்குப் பாவோடுதல் என்றே பெயர். சேலம் பக்கத்தில் பாவடி என்ற சொல் இன்றும் தெருப் பெயரிலும் மைதானப் பெயரிலும் நிற்கிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த நடையின் அளவு விளங்கும். மூன்று சேலைக்கான பாவின் நீளம் 18 மீட்டர், இழை 4,000, ஒரு நடைக்கு இரண்டு இழை என்று வைத்துக்கொண்டால், ஒரு பாவு முடிய 2,000 நடை நடக்க வேண்டும். தூரம் 36 கிலோமீட்டர். மாரத்தானுக்கு ஆறு கிலோமீட்டர்தான் குறைவு. ஒரே ஆள் ஒரே மூச்சில் இதை முடிப்பதில்லை. மாமியார், மருமகள், நாத்தனார், வயதுக்கு வராத மகள் என்று கைமாறிக் கைமாறி நடக்கும்.

ராட்டை சுற்றும்போது குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரு வழி இருந்தது. உத்திரத்தில் பழைய நூல்சேலையால் தூளி கட்டி, அதிலிருந்து ஒரு கயிற்றைக் கால் கட்டைவிரல் வரை இழுத்து விட்டுக்கொள்வார்கள். குழந்தை சிணுங்கினால் காலை இரண்டு முறை அசைத்தால் போதும், ராட்டை நிற்காது. பாவோடும்போது அந்தக் கயிறு எட்டாது. அதற்கு இன்னொருவர் வேண்டும். கூட்டுக் குடும்பம் அந்த இன்னொருவரைத் தந்தது. காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலை இதை இன்னும் இறுக்கியது: உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம் என்பதால் ஊடை நூலை ஓட்டும் நாடாக்கள் மூன்று, நெய்கிறவருக்குப் பக்கத்தில் மறுகரை நாடாவைத் தள்ள இன்னொரு கை தேவை. அந்தக் கை பல வீடுகளில் மனைவியுடையது, சில காலம் பிள்ளைகளுடையது. கூலியோ சேலைக்கு இவ்வளவு என்று பேசப்பட்டு நெசவாளர் கைக்குப் போனது. தார் போட்டவளின் மணி நேரமும் பாவோடியவளின் கிலோமீட்டரும் தனியே எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. இருபதாம் நூற்றாண்டில் பாவு சுற்றும் உருளைகள் பரவியதும் தெரு நடை குறைந்து போனது. பெண்ணின் உடல் நெடுந்தூரத்தைத் தாங்குமா என்ற கேள்வி நெசவுத் தெருவில் ஒருபோதும் எழுந்ததில்லை.

விளையாட்டுத் திடலில் அந்தக் கேள்வி எழுந்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது. 1928இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு முதன்முறையாக 800 மீட்டர் ஓட்டம் வைத்தார்கள். ஜெர்மனியின் லினா ராட்கே வென்றார். ஓடி முடித்த பெண்கள் மூச்சு வாங்கித் தரையில் சாய்ந்ததைப் பத்திரிகைகள் ஊதிப் பெருக்கின. இவ்வளவு தூரம் பெண்களுக்கு ஆகாது, பிள்ளைப்பேற்றைக் கெடுக்கும் என்ற வாதம் வென்றது. 800 மீட்டர் ஓட்டம் 1960 ரோம் ஒலிம்பிக்கில்தான் திரும்பி வந்தது. இடையில் 1948 லண்டன் ஒலிம்பிக்கில் நெதர்லாந்தின் ஃபன்னி பிளாங்கர்ஸ்-கூன், இரண்டு பிள்ளைகளின் தாய், வயது 30, நான்கு தங்கம் வென்றார். பத்திரிகைகள் அவரைப் பறக்கும் இல்லத்தரசி என்று கொண்டாடின. கொண்டாட்டத்துக்குப் பிறகும் நெடுந்தூர ஓட்டங்களின் கதவு மூடியே கிடந்தது. தாயாக முடியாமல் போய்விடுமே என்று கன்னிப் பெண்களைத் தடுத்த விதி, ஏற்கெனவே தாயானவர்களையும் அதே பெயரால் தடுத்தது.

அந்தக் கதவைத் திறந்தவர்களில் தாய்மார் முன்வரிசையில் நின்றார்கள். பாஸ்டன் மாரத்தானில் 1966இல் பாபி கிப் பதிவு எண் இல்லாமல் ஓடினார். மறு ஆண்டு கேத்ரின் சுவிட்சர் எண்ணுடன் ஓடியபோது போட்டி அதிகாரி ஒருவர் நடுச்சாலையில் அவரைப் பிடித்து இழுத்தார். 1972இல் பெண்கள் முறைப்படி அனுமதிக்கப்பட்டதும் முதலில் வந்தவர் நீனா குஸ்சிக், மூன்று பிள்ளைகளின் தாய். 1975 ஜனவரியில் மகளைப் பெற்ற மிக்கி கோர்மன், 41 வயதில் 1976 நியூயார்க் மாரத்தானை வென்று, அடுத்த ஆண்டும் வென்றார். பெண்களுக்கான ஒலிம்பிக் மாரத்தான் வர 1984 ஆயிற்று. லாஸ் ஏஞ்சலஸில் நடந்த அந்தப் பந்தயத்தில் நான்காவதாக வந்த நார்வேயின் இங்க்ரிட் கிறிஸ்டியான்சன் 1983 ஆகஸ்டில் பிரசவித்தவர். ஐந்து மாதத்தில், 1984 ஜனவரியில், ஹூஸ்டன் மாரத்தானை வென்றிருந்தார். நார்வேயின் பனிக்காலத்தில் அவர் வீட்டிலேயே ட்ரெட்மில்லில் பழகினார். 1985இல் லண்டனில் அவர் நிறுவிய 2 மணி 21 நிமிடம் 6 விநாடி என்ற உலக சாதனை 1998 வரை நிலைத்தது. பெற்ற உடல் ஓடாது என்ற வாதத்துக்கு அதன்பின் இடமில்லை.

இந்தியாவில் தாயான பிறகு ஓடியவர்களின் கதை மாரத்தானில் தொடங்கவில்லை. நடுத்தூர ஓட்டத்தில் தொடங்கியது, அதன் உச்சம் சென்னையில் நிகழ்ந்தது. கேரளத்தில் பிறந்த ஷைனி ஆபிரகாம் 1984இல் ஒலிம்பிக் 800 மீட்டர் அரையிறுதி வரை போனவர். நீச்சல் வீரர் வில்சன் செரியனை மணந்து, ஷைனி வில்சனாகி, மகளுக்குத் தாயான பிறகு மீண்டும் தடத்துக்கு வந்தார். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் இந்தியக் கொடியை ஏந்திச் சென்றார். ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காகக் கொடி ஏந்திய முதல் பெண் அவரே. 1995 டிசம்பரில் தெற்காசிய விளையாட்டுப் போட்டி அப்போதைய மெட்ராஸில் நடந்தது. முப்பது வயதில், சொந்த ஊராக ஏற்றுக்கொண்ட நகரத்தின் கூட்டத்துக்கு முன்னால், 800 மீட்டரை 1 நிமிடம் 59.85 விநாடியில் ஓடினார். இரண்டு நிமிடத்துக்குள் அந்தத் தூரத்தைக் கடந்த முதல் இந்தியப் பெண் ஒரு தாய். தாயாகும் முன்பு அவரால் முடியாதது அது.

பி.டி. உஷா 1991இல் மணமாகி, 1992இல் மகனைப் பெற்றார். பலர் அவரை ஓய்வுபெற்றவராகவே எழுதிவிட்டார்கள். 1998இல் ஜப்பானின் ஃபுகுவோகாவில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 34 வயதில் 200, 400 மீட்டர் இரண்டிலும் வெண்கலமும், தொடர் ஓட்டங்களில் ஒரு தங்கமும் ஒரு வெள்ளியும் கொண்டு வந்தார். ஷைனியின் 1995 சாதனையை 2010இல் முறியடித்த டின்டு லூக்கா, உஷாவிடம் பயின்றவர்.

இந்த இருவருக்கும் பின்னால் கவனிக்க வேண்டிய ஒரு ஏற்பாடு உண்டு. ஷைனி சென்னையில் இந்திய உணவுக் கழகத்தின் ஊழியராக இருந்தார். உஷா ரயில்வே ஊழியராக இருந்தார். விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைத்த அரசுப் பணியில் மாதச் சம்பளமும் பேறுகால விடுப்பும் சேர்ந்தே வந்தன. ஓடாத மாதத்திலும் அடுப்பு எரிந்தது. மேலை நாடுகளில் முன்னணி ஓட்டக்காரர்களின் வருமானம் காலணி நிறுவனங்களின் ஒப்பந்தத்தில் தொங்கியது. ஓடாவிட்டால் தொகை குறையும். 2019 மே மாதத்தில் அலிசியா மொன்டானோ, காரா கௌச்சர், அலிசன் ஃபீலிக்ஸ் ஆகிய அமெரிக்க வீராங்கனைகள் கர்ப்ப காலத்தில் தங்களுக்கு நேர்ந்த வருமான இழப்பையும் நெருக்கடியையும் வெளிப்படையாகச் சொன்னார்கள். அதே ஆண்டில் ஒப்பந்தங்களில் பேறுகாலப் பாதுகாப்பு சேர்க்கப்பட்டது. பணக்கார நாட்டு உலக வீராங்கனைகள் 2019இல் போராடிப் பெற்ற ஒன்று, இந்திய ரயில்வே ஊழியருக்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே இருந்தது. இந்தியாவில் 2017 முதல் பேறுகால விடுப்பு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம். ஆனால் சம்பளப் பட்டியலில் பெயர் உள்ளவர்களுக்குத்தான் அது. வீட்டில் தார் போடுகிற பெண்ணுக்கு அந்தப் பட்டியலே இல்லை.

அவளுக்கு இருந்தது வழக்கம். தலைப்பிரசவம் தாய்வீட்டில், வளைகாப்பு முடிந்து பிறந்தகம் போனவள் பெற்றெடுத்து மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோதான் குழந்தையோடு புகுந்த வீடு திரும்புவாள். அதுவரை அவள் பச்சை உடம்புக்காரி. பூண்டும் கருவாடும் பிள்ளை பெற்றவள் மருந்தும் கொண்ட பத்தியச் சாப்பாடு, வயிற்றைச் சுற்றித் துணிக்கட்டு, கனம் தூக்கக் கூடாது, குனிந்து பெருக்கக் கூடாது. இந்தக் கட்டுப்பாடுகளில் காற்றுப் படாமல் அறைக்குள் அடைத்து வைப்பது போன்ற சில இன்று ஏற்கத் தக்கவை அல்ல. ஆனால் ஓய்வின் அளவில் பாட்டிமார் தவறவில்லை. 2019இல் பிரிட்டனின் இயன்முறை மருத்துவர்கள் வெளியிட்ட வழிகாட்டுதல், பிரசவத்துக்குப் பின் ஓட்டத்தை மீண்டும் தொடங்க ஆகக் குறைந்தது 12 வாரம் பொறுக்கச் சொல்கிறது. கருப்பையையும் சிறுநீர்ப்பையையும் தாங்கும் இடுப்படித் தசைகள் தளர்ந்திருக்கும். அடிவயிற்றுத் தசைகள் விலகியிருக்கும். ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப் போல் இரண்டு மூன்று மடங்கு விசை தரையிலிருந்து மேலேறும். நடையும் தசைப் பயிற்சியும் முதலில், ஓட்டம் பிறகு. மூன்று மாதம் என்ற அதே கணக்குதான். தமிழ்நாட்டில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. நெடுந்தூர ஓட்டம் உடலின் இரும்புச்சத்தை மேலும் குறைக்கும். காலணி வாங்கும் முன் இரத்தம் சோதிப்பது நல்லது.

பால் கொடுக்கும் தாய்க்கு ஓட்டத்தின் நேரத்தைக் குழந்தையின் பசி தீர்மானிக்கிறது. மிதமான ஓட்டம் பாலைக் கெடுப்பதில்லை, சுரப்பைக் குறைப்பதுமில்லை. நிறைந்த மார்போடு ஓடுவதுதான் வேதனை. கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டும், அடுத்த பசிக்குள் திரும்ப வேண்டும். 2018இல் பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லாந்து மலைகளைச் சுற்றிச் செல்லும் 170 கிலோமீட்டர் பந்தயத்தில் ஓடிய பிரிட்டனின் சோஃபி பவர், கூர்மேயர் ஊரில் ஓய்விடத்தில் உட்கார்ந்து மூன்று மாத மகனுக்குப் பால் கொடுத்தார். பக்கத்தில் ஓர் ஆண் ஓட்டக்காரர் களைத்துப் படுத்திருந்தார். அந்தப் படம் உலகைச் சுற்றியது. அவர் அவ்வளவு சீக்கிரம் ஓடியதற்குக் காரணம் இருந்தது: முன்பு ஒரு முறை கர்ப்பத்தால் அதே பந்தயத்தின் இடத்தை இழந்திருந்தார், அடுத்த ஆண்டுக்கு மாற்றித் தர அன்று விதி இல்லை. படம் எழுப்பிய விவாதத்துக்குப் பின் பந்தயங்கள் விதியை மாற்றத் தொடங்கின. பாஸ்டன் மாரத்தான் 2023இல் மாற்றியது. 2019 ஜனவரியில் பிரிட்டனின் 268 மைல் ஸ்பைன் பந்தயத்தை ஜாஸ்மின் பாரிஸ் 83 மணி 12 நிமிடத்தில் முடித்தார். 14 மாத மகளுக்காக நிறுத்தங்களில் பால் எடுத்து வைத்துக்கொண்டே ஓடியவர், ஆண்களையும் சேர்த்த முந்தைய சாதனையை 12 மணி நேரத்துக்கு மேல் முந்தினார்.

இந்தியாவில் பொதுமக்களின் நெடுந்தூர ஓட்டம் 2004இல் தொடங்கிய மும்பை மாரத்தானுக்குப் பிறகு பரவியது. சென்னையில் ஓட்டக் குழுக்கள் பெருகி, கிழக்குக் கடற்கரைச் சாலையும் மெரினாவும் ஞாயிற்றுக்கிழமை விடியலில் ஓட்டக்காரர்களால் நிரம்பின. சில ஓட்டங்களுக்குக் காரணம் குடும்பமேதான். மகாராஷ்டிரத்தின் பாராமதியில் 2014இல் லதா பகவான் கரே, அறுபது வயதைக் கடந்தவர், கணவரின் மருத்துவச் செலவுக்குப் பரிசுப் பணம் வேண்டி, ஒன்பது கெஜப் புடவையில் வெறுங்காலுடன் மூத்தோருக்கான மூன்று கிலோமீட்டர் ஓட்டத்தில் ஓடி வென்றார். அவர் பெயரிலேயே பின்னர் மராத்தியப் படம் ஒன்று வந்தது; அதில் அவரே நடித்தார்.

தமிழ்நாட்டு வெயிலுக்கு ஓட்டம் ஏழு மணிக்குள் முடிய வேண்டும். தண்ணீர் பிடிப்பது, பால் காய்ச்சுவது, வாசல் தெளித்துக் கோலம் போடுவது, பள்ளி வண்டி வருவதற்குள் டிபன் பெட்டி கட்டுவது எல்லாமே அதே நேரத்தில்தான். 2019 தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்த பெண்களுக்கு அது நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடம். அதைச் செய்த ஆண்களுக்கு 97 நிமிடம். 2024 ஆய்வில் 289, 88. பெண்களுக்குக் குறைந்த பத்து நிமிடத்தை ஆண்கள் ஏற்றுக்கொள்ளவில்லை, அவர்களுக்கும் குறைந்தது.

காஞ்சிபுரத்திலோ அருகிலுள்ள முசரவாக்கத்திலோ ஒரு தாய் ஓடத் தொடங்கினால் அவள் கணக்கு இந்த எண்களுக்குள்தான் அமையும். வாரநாளில் ஐந்து கிலோமீட்டருக்கு முக்கால் மணி நேரம். குழந்தை எழும் முன் போய் வந்துவிடலாம், யாரையும் கேட்க வேண்டியதில்லை. பத்துக் கிலோமீட்டர் ஓட்டத்துக்கு அந்தப் பயிற்சி போதும். ஞாயிற்றுக்கிழமையின் மூன்று மணி நேரத்துக்கு மட்டும் வீட்டில் இன்னொருவர் எழுந்து பாலைக் காய்ச்சி, குழந்தையைக் குளிப்பாட்டி, இட்லி ஊட்ட வேண்டும். அந்த ஒருவர் மாமியாராக இருந்த காலம் உண்டு. தனிக்குடித்தன வீடுகளில் அவர் கணவர்.