சட்டை மாற்றிய சில்லு

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் பழைய கொலுசை என்ன செய்வார்கள்? உருக்குவார்கள். புதுக் கொலுசு பிறக்கும். அதில் மோசடி இல்லை. கம்ப்யூட்டர் 'சிப்'பை அப்படி உருக்க முடியாதே!

1990-களிலிருந்து அமெரிக்கா தூக்கியெறிந்த கம்ப்யூட்டர்கள் சீனாவின் குய்யூவுக்குக் கப்பலேறின. அங்கே போர்டுகளை நெருப்பில் வாட்டி, பற்றவைத்த ஈயம் இளகியதும் சிப்புகளை உருவினார்கள். ஆற்றில் அலசி, வத்தல் மாதிரி தெருவோரம் காயப்போட்டார்கள். பழைய பெயரைத் தேய்த்து, கறுப்புப் பூச்சு பூசி, புதுத் தேதி அச்சடித்தால் தீர்ந்தது வேலை. ஷென்ஷென் சந்தையில் அது புத்தம்புதுசு!

டி.வி. ரிமோட்டில் என்றால் ரெண்டு தட்டு தட்டிவிட்டுப் போகலாம். போர் விமானத்தில்? 2012-ல் அமெரிக்க செனட் கமிட்டி தந்த அறிக்கையைப் பாருங்கள். 2009, 2010 ரெண்டே வருஷத்தில் போலி என்று சந்தேகப்பட்ட சம்பவங்கள் சுமார் 1,800. பாகங்கள் பத்து லட்சத்துக்கு மேல். பி-8ஏ என்ற கடற்படை விமானத்தில், பனி உறைவதைக் கண்டறியும் கருவிக்குள் ஒரு சிப் கழன்று கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது. பழசுக்குப் புதுச் சட்டை!

கண்டுபிடிக்க வழி? நம்ம ஊர் உரைகல் மாதிரி ஒன்று வைத்திருந்தார்கள். பஞ்சில் அசிட்டோன் நனைத்துத் துடைத்தால் பூச்சு கையோடு வந்துவிடும். விடுவார்களா கில்லாடிகள்? அசிட்டோனுக்கும் அசையாத பூச்சு சீக்கிரமே வந்துவிட்டது.