கடனாய் வந்த கம்பளி

முறுக்கும் துளைவேலையுமாய்ப் பின்னிய கழுத்துறைகளைக் காணும்போதெல்லாம் எனக்குப் பதுளை மலைத் தோட்டங்களே நினைவுக்கு வரும். அங்கே குளிருக்கு நம்மவர் கண்டது வேலைப்பாடற்ற முரட்டுக் கம்பளிதான். அதைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டே பெண்கள் மழையில் கொழுந்து பறித்தனர்.

பதுளைக்கு ரயில் வந்தது 1924-இல். அதற்கு முந்திய தலைமுறையினரில் பெரும்பாலோர் கடைசி மலைகளை நடந்தே ஏறினர். வந்து சேர்ந்ததும், வழிச்செலவோடும் அரிசியோடும் கம்பளியின் விலையும் அவர்கள் பற்றில் ஏறியது. கடன் தொகையைக் குறித்த 'துண்டு' இன்றி வேறு தோட்டம் போக இயலாது. புதிய துரை அக்கடனைத் தீர்த்தால்தான் விடுதலை. 1921-இல் அம்முறையைச் சட்டம் ஒழித்தது.

அதுவரை, குளிர் காத்த கம்பளியே காலில் விலங்காகவும் கிடந்தது. தேயிலை அருந்தும் நாம் இதை மறக்கலாகாது.