கொல்கத்தா மைதான் டிராம் தடம்

கொல்கத்தாவின் எஸ்பிளனேடு நிலையத்திலிருந்து நகரின் நடுவே விரிந்துகிடக்கும் மைதான் புல்வெளிப் பக்கம் சுற்றிவரும் மின்சார டிராம் பாதை இது. மும்பை 1964-இல் கைவிட்டபின் இந்தியாவில் டிராம் ஓடும் ஒரே நகரமாகக் கொல்கத்தா எஞ்சியது. பிற தடங்களை நிறுத்திவிட்டு இதை மட்டும் மரபுச் சின்னமாக ஓட்டப்போவதாக மேற்கு வங்க அரசு 2024 செப்டம்பரில் அறிவித்தது.

நகரின் முதல் டிராமைக் குதிரைகள் இழுத்தன. 1873 பிப்ரவரி 24 அன்று சியால்தாவுக்கும் ஆர்மேனியன் படித்துறைக்கும் இடையே ஓடத் தொடங்கிய அது, போதிய பயணிகள் இல்லாமல் அதே ஆண்டு நவம்பரில் நின்றுபோனது. லண்டனில் பதிவான கல்கத்தா டிராம்வேஸ் கம்பெனி 1880-இல் அதற்கு மறுபடி உயிர் கொடுத்தது. மின்சார டிராம் வந்தது 1902 மார்ச் 27 அன்று, எஸ்பிளனேடு–கிதிர்ப்பூர் தடத்தில். இதில் சென்னை முந்திக்கொண்டது. அங்கே 1895-லேயே மின்சார டிராம் ஓடியது, 1953-இல் நின்றது.

கிதிர்ப்பூர் வண்டிகள் சாலையை விட்டு விலகி, மைதானின் புல்தரையில் மரநிழலூடே சென்றன. நகரின் மிக அழகான டிராம் பயணம் அதுதான் என்பதில் பலருக்கும் ஐயமில்லை. 2020 மே மாதம் ஆம்பன் புயல் மரங்களையும் மின்கம்பிகளையும் சாய்த்தபின் அத்தடம் மீளவில்லை.

கொல்கத்தா வண்டிகள் பெரும்பாலும் இரு பெட்டிகள் கொண்டவை. முன்பெட்டி முதல் வகுப்பாக இருந்தது, மின்விசிறி அதில்தான் இருந்தது. ஓட்டுநர் காலால் மிதித்து மணியடிப்பார். வண்டியை ஒரு முனையிலிருந்து மட்டுமே ஓட்டமுடியும் என்பதால், தடத்தின் கடைசியில் தண்டவாளம் வளைந்து திரும்பியாக வேண்டும். 1938-ஆம் ஆண்டு வண்டி ஒன்று 2014 முதல் எஸ்பிளனேடில் 'ஸ்மரணிகா' அருங்காட்சியகமாக நிற்கிறது. ஒரு பெட்டியில் சிற்றுண்டி, மற்றதில் பழைய பயணச்சீட்டுகளும் நடத்துநர் சின்னங்களும்.

டிராம் நெரிசலை உண்டாக்குகிறது என்பது அரசின் வாதம். டிராம் ஆர்வலர்கள் இதை ஏற்கவில்லை; வழக்கு கல்கத்தா உயர்நீதிமன்றம் வரை போனது. 1953-இல் கட்டணம் ஒரு பைசா உயர்ந்ததற்கே தெருவில் இறங்கிய நகரம் அது. அன்றாட வேலைக்குப் போகிறவர்களைச் சுமந்த வண்டியைப் பூங்கா உலாவுக்கு மட்டும் ஒதுக்குவது அரைகுறைப் பாதுகாப்பே.

நம் மலேசிய, சிங்கப்பூர்ப் பக்கத்தில் இந்த அளவுகூட மிஞ்சவில்லை. ஜொகூர் நீரிணைக்கு அப்பால் சிங்கப்பூரில் மின்சார டிராம் 1905 முதல் 1927 வரைதான் ஓடியது. பினாங்கில் 1936-இல் முடிந்தது. இரண்டு ஊர்களிலும் அதன் இடத்தை டிராலி பஸ்கள் பிடித்தன.