பிரசங்கத்தின் நான்கு பாகங்கள்

எம்.ஏ. இறுதித் தேர்வில் ஆரம்பகால அமெரிக்க இலக்கியம் ஒரு தாள். வங்கி வேலை முடிந்து இரவில் பண்ருட்டியில் உட்கார்ந்து வின்த்ராப், மாதர், எட்வர்ட்ஸ், பெய்ன் என்று குறிப்பெடுத்து வருகிறேன். கடையில் கிடைக்கும் கைடுகள் ப்யூரிட்டன் உரைநடையை 'எளிய நடை' என்ற ஒரு சொல்லில் முடித்துவிடுகின்றன. அலங்காரமற்றது, பாமரருக்கும் புரிவது என்பது விளக்கம். இது பாதி உண்மை. மற்றப் பாதி பாடத்திட்டத்துக்கு வெளியே, நமக்கு மிக அருகில் கிடக்கிறது.

எளிய நடை என்பது சொற்களின் எளிமை மட்டுமல்ல. அது ஒரு கட்டுமானம். கேம்பிரிட்ஜில் இருந்த வில்லியம் பெர்க்கின்ஸ் 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதற்கு இலக்கணம் வகுத்தார். நியூ இங்கிலாந்துப் போதகர்கள் அதை நான்கு பாகங்களாகக் கையாண்டார்கள். முதலில் வேத வசனம். அதிலிருந்து பிழிந்தெடுத்த கோட்பாடு. கோட்பாட்டுக்குக் காரணங்கள். கடைசியில் பிரயோகம், அதாவது கேட்டுக்கொண்டிருக்கும் நீ இனி என்ன செய்யவேண்டும் என்பது. 1741 ஜூலையில் என்ஃபீல்டில் ஜோனதன் எட்வர்ட்ஸ் நிகழ்த்திய பிரசங்கம் எல்லாத் தொகுப்புகளிலும் இருக்கிறது. நெருப்பின் மேல் தொங்கும் சிலந்தியை எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறோம். ஆனால் அதில் பாதிக்கு மேல் பிரயோகம்தான் என்பதை நாம் கவனிப்பதில்லை. படிமம் அங்கே அழகுக்காக வரவில்லை. கேட்பவனைத் தீர்ப்பின் முன் நிறுத்த வருகிறது. எளிமையின் காரியம் இதுதான்: தப்பிக்க வழியில்லாமல் செய்வது.

இந்தக் கட்டுமானம் கப்பலேறி நம் மொழிக்கு வந்தது. மாசச்சூஸெட்ஸில் ஆண்டோவர் இறையியல் கல்லூரி 1807இல் தோன்றியது. அங்கே 1812 முதல் பிரசங்கக் கலைக்கென்றே எபனேசர் போர்ட்டர் என்ற பேராசிரியர் இருந்தார். அக்காலத்தில் அங்கு படித்த டேனியல் பூவர் 1816இல் அமெரிக்க மிஷனரியாக யாழ்ப்பாணம் வந்தார். 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரிக்கு அவரே முதல் தலைவர். தமிழ், ஆங்கிலம், கணிதம், வானசாஸ்திரம், தர்க்கம் எல்லாம் அங்கே கற்பிக்கப்பட்டன. 1841இல் அமெரிக்க மிஷனின் 'உதயதாரகை' வெளிவந்தது. செமினரி 1855இல் மூடப்பட்டது. அதன் மாணவர்களான சி. வை. தாமோதரம் பிள்ளையும் விசுவநாத பிள்ளையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகள் ஆனார்கள். எமர்சனும் ஹாதார்னும் எழுதிக்கொண்டிருந்த காலத்திலேயே நியூ இங்கிலாந்தின் வகுப்பறை தமிழுக்குள் இருந்தது. நாம் அதைத் தேர்வுத் தாளில் அந்நிய இலக்கியமாகப் படிக்கிறோம்.

ஆறுமுக நாவலர் அமெரிக்கர்களிடம் படிக்கவில்லை. அவர் படித்ததும் பணியாற்றியதும் பீட்டர் பெர்சிவலின் வெஸ்லியன் பள்ளியில். அது ஆங்கிலேய மிஷன். ஆனால் எட்வர்ட்ஸின் நூல்களைச் சுருக்கி வெளியிட்டவர் ஜான் வெஸ்லியே. இரண்டு பிரசங்க மரபுகளும் பக்கத்து வயல்கள், வாய்க்கால் ஒன்று. பெர்சிவலுக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் உதவிய நாவலர், 1847 டிசம்பர் 31 அன்று வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தம் முதல் சைவப் பிரசங்கத்தைச் செய்தார்.

அதற்கு முன் கோயிலில் பேச்சே இல்லை என்பதல்ல. புராண படனம் இருந்தது. ஒருவர் செய்யுளை வாசிக்க மற்றொருவர் பொருள் சொல்வார். அங்கே நூல் நடத்திக்கொண்டு போகும். பேசுபவர் பின்னால் போவார். பிரசங்கத்தில் இது தலைகீழ். பொருளைப் பேசுபவர் தேர்ந்தெடுக்கிறார், நூல் சாட்சியாக வந்து நிற்கிறது, முடிவில் கேட்பவனுக்கு ஒரு கடமை மிஞ்சுகிறது. எதிரியை விரட்ட நாவலர் எதிரியின் ஆயுதத்தை எடுத்தார் என்று சொல்வது வழக்கம். ஆயுதம் என்ற உவமை போதாது. ஆயுதத்தைக் கீழே வைக்கலாம்; நடையை வைக்க முடியாது. 1872இல் அவர் எழுதிய 'யாழ்ப்பாணச் சமயநிலை' தம் சொந்தச் சைவர்களையே கண்டிக்கிறது. முன்னோர் நின்ற நிலை என்ன, நீங்கள் விழுந்திருக்கும் நிலை என்ன என்ற அந்தத் தொனி, 1670இல் பாஸ்டனில் சாமுவேல் டான்ஃபோர்த் பேசிய தொனிக்குச் சகோதரம்.

1864இல் நாவலர் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1867இல் தொழுவூர் வேலாயுத முதலியார் இராமலிங்கரின் பாடல்களைத் 'திருவருட்பா' என்ற பெயரில் பதிப்பித்தார். அதே ஆண்டு வடலூரில் தருமசாலை தொடங்கியது. 1869இல் நாவலர் தரப்பிலிருந்து 'போலியருட்பா மறுப்பு' வந்தது. விவகாரம் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போயிற்று. இந்த ஊர்களெல்லாம் நாம் பஸ்ஸில் போய்வரும் ஊர்கள்.

அந்தச் சண்டையைச் சமயச் சண்டையாகவே எழுதி வந்திருக்கிறார்கள். எனக்கு அது நவீனத் தமிழின் முதல் பெரிய இலக்கிய விமரிசனச் சண்டையாகவும் தெரிகிறது. கேள்வி இது: சமகாலத்தவன் ஒருவனின் பாட்டை எந்தப் பெயரால் அழைப்பது, அழைக்கும் அதிகாரம் யாருக்கு? திருமுறை வசனம், அருட்பா எது என்பது கோட்பாடு, பிறகு காரணங்கள், இது அருட்பா அல்ல, தள்ளு என்பது பிரயோகம். நான்கு பாகங்களும் இருக்கின்றன. பாடலைப் பாடலாக எதிர்கொள்ள அந்த அமைப்பில் இடம் இல்லை.

1832இல் பாஸ்டன் திருச்சபைப் பதவியை விட்டு வந்த எமர்சனோடு இராமலிங்கரை நிறுத்தி ஒப்பிட ஆசை வரும். அது விடைத்தாளின் ஆசை. இராமலிங்கரும் உரைநடை எழுதியவர், உபதேசம் செய்தவர். அவரைப் பாட்டு என்றும் நாவலரை வசனம் என்றும் பிரித்துவிட முடியாது. விளைவு மட்டும் தெளிவு. பாடல்கள் பாடப்படுகின்றன, தீர்ப்பு நிற்கவில்லை. ஆனால் தீர்ப்பு எழுதப்பட்ட உரைநடை நின்றுவிட்டது. அருட்பாவை ரசிப்பவனும் நாவலரின் வாக்கியத்தில்தான் ரசனையை எழுதுகிறான்.

நாமும்தான். நம் சிறுபத்திரிகை விமரிசனத்தைப் பிரித்துப் பாருங்கள். வசனத்தின் இடத்தில் ஒரு மேற்கத்தியப் பெயர். பிறகு கோட்பாடு. காரணங்கள் பெரும்பாலும் அரைப் பக்கம். மீதியெல்லாம் பிரயோகம்: இது கவிதை அல்ல, இவர் எழுத்தாளர் அல்ல. இப்படி நானும் எழுதியிருக்கிறேன். அப்போது அதைத் தைரியம் என்று நினைத்தேன். பழைய பிரசங்கியாவது சபையின் ஆத்மா தன் பொறுப்பு என்று நம்பிப் பேசினார். நமக்கு அந்தப் பொறுப்பும் கிடையாது, பீடம் மட்டும் வேண்டும்.

விமரிசனம் தீர்ப்பே சொல்லக்கூடாது என்பது என் கட்சியல்ல. காரணங்கள் என்ற மூன்றாவது பாகத்தில் நாம் இன்னும் நெடுநேரம் இருக்கவேண்டும். ஒரு கவிதையின் ஒரு வரி ஏன் நிற்கவில்லை என்று அந்த வரியிலேயே காட்டவேண்டும். காட்டி முடித்தபின் நான்காவது பாகம் தேவைப்படுகிறதா என்று பார்க்கலாம்.

தேர்வில் எளிய நடை பற்றிக் கேள்வி வந்தால் கைடில் உள்ளதையே எழுதிவிட்டு வருவேன். வட்டுக்கோட்டைக்கும் மஞ்சக்குப்பத்துக்கும் அங்கே மதிப்பெண் இல்லை. இங்கே எழுதியது அதனால்தான்.